வெள்ளி ராவுத் தண்ணீர்

பஞ்ச காலத்தில் விடியற்காலையில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கைக் காலையில் அவித்தும், பகலில் கறியாக்கியும், அந்தியில் சுட்டும் தின்ற வயிறுகள் நம்முடையவை. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நாம் ஏதோ சுற்றுலா போய் வந்த கதையைக் கேட்பது மாதிரிக் கேட்கிறார்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். முடிவு நல்லபடியாக வரும் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம்.

மாத்தளைப் பக்கம் யட்டவத்தையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து உள்ளே ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். மேட்டில் ஏழெட்டு சிங்களக் குடும்பங்கள், நடுவில் முஸ்லிம்கள் நாங்கள், குன்றுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம். ஓடையை மறித்துக் கல்லும் மண்ணும் போட்டுக் கட்டிய சின்ன அணையை எல்லோரும் அமுன என்றோம். அதிலிருந்து வந்த ஒரே வாய்க்கால்தான் வயல்வெளி முழுவதற்கும் தண்ணீர் கொடுத்தது. அந்தத் தண்ணீரை யாருக்கு எப்போது என்று பிரித்துக் கொடுப்பவருக்கு விதானை என்று பெயர். என் வாப்பாதான் விதானை. சம்பளமில்லாத வேலை. போகம் முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுப்பார்கள். அதையும் வாப்பா நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுவார்.

வாப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் அவருடைய குதிகால்தான் ஞாபகம் வருகிறது. வெடித்து வெடித்து, வெடிப்புக்குள் சேறு காய்ந்து கிடக்கும். அவர் படுத்தெழுந்தால் பாயில் இழை பிரிந்திருக்கும். ஊரில் யாருக்காவது கபுறுக்குழி வெட்ட வேண்டுமா, வாப்பாவின் மம்பட்டிதான் முதலில் போகும். பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்துவிட்டதா, நாற்காலியில் கம்பு கட்டி ரோட்டு வரைக்கும் தூக்க வாப்பாவின் தோள் வேண்டும். விதவை ஒருத்தியின் வயலை உழுது கொடுத்துவிட்டு வந்துதான் எங்கள் வயலில் இறங்குவார். எங்கள் வயல் எப்போதும் ஊரில் கடைசியாகத்தான் விதைபடும்.

"என்ன நிக்காஹ் செஞ்சது ஒங்கட வாப்பாவா, இல்லாட்டி இந்த ஊரான்னு எனக்கு இன்னும் வெளங்கல்ல" என்று உம்மா சொல்வார். சொல்லிக்கொண்டே வேப்பெண்ணெயைச் சுடவைத்து அந்தக் குதிகாலில் தேய்ப்பார். வாப்பா கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்படிப்பட்ட வேளைகளில்தான்.

நான் சொல்லப்போகிற வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. அரிசியும் மாவும் தொழிலாளர் இருந்த லயத்து வீடுகளுக்கு வரவில்லை. சனம் குன்று இறங்கி வந்து வீடு வீடாகக் கேட்டது. அப்படி வந்தவர்களில் ஒரு குடும்பம் எங்கள் மிளகுத் தோட்டத்து ஓரத்தில் நின்றது. புருஷன், பெண்சாதி, என் வயதில் ஒரு பெண்பிள்ளை. கைப்பிள்ளையை லயத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மனுஷன் கையேந்தவில்லை. "வேல குடுங்க நானா, சோறு பொறவு பாத்துக்கலாம்" என்றார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

வாப்பா வேலை கொடுத்தார். மிளகு காயவைக்கிற கொட்டிலைத் தடுத்து இருக்க இடம் கொடுத்தார். அதோடு நின்றிருந்தால் ஊர் ஒன்றும் சொல்லியிருக்காது. வயல்வெளியின் கடைசியில் எங்களுக்கு அரை ஏக்கர் துண்டு ஒன்று இருந்தது. சிறுபோக நெல்லுக்கு அதையும் அவருக்குக் கொடுத்துவிட்டார். கடை முதலாளி பள்ளிவாசல் வாசலிலேயே கேட்டார்: "தோட்டத்தாளுக்கு வயலா விதானை? நாளைக்கி வீட்டு வளவையும் கேப்பான்."

"கேட்டா பாப்பம்" என்றார் வாப்பா.

ஊர் அவரைத் தோட்டத்தாள் என்றது. வாப்பா தம்பி என்றார். நான் தோட்டத்து மாமா என்றேன். அவருடைய மகள் ஒரே வாரத்தில் எனக்குக் கூட்டாளி ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். மிளகு காய்கிற கொட்டிலில் இருந்து வருவதால் அவள் சட்டையில் எப்போதும் மிளகு வாசம் இருக்கும். அவள் திரும்பினால் நான் தும்முவேன். அதைப் பார்த்து அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தரம் திரும்புவாள்.

அந்தச் சிறுபோகம் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்தில் இருந்த பலருக்கும் இந்தியாவுக்குப் போக அரசாங்கக் கடுதாசி வந்துகொண்டிருந்த காலம். மாமாவுக்கும் வந்திருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கப்பல். போடாவிட்டால் இங்கேயே எப்படியாவது பிழைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய தகப்பனே இந்த மலையில் பிறந்தவர். இந்தியாவில் எந்த ஊர், யார் வீடு என்று அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இந்த வெள்ளாம கைக்கு வந்துச்சுன்னா நான் எங்கயும் போக மாட்டேங்க நானா" என்று எங்கள் முற்றத்தில் நின்று வாப்பாவிடம் சொன்னார். "அறுத்து ஒரு மூட்ட நெல்ல வீட்ல வச்சிட்டா, இங்கயே கெடந்துருவேன். இல்லாட்டி கப்பல்தாங்க."

"வரும், வரும். ஏன் வராம?" என்றார் வாப்பா.

வரவில்லை. அந்த வருடம் மழை சொன்ன நேரத்துக்குப் பெய்யவில்லை. அமுனையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, பிறகு கணுக்காலுக்கு இறங்கியது. வாப்பா எல்லோரையும் அமுனைக்குப் பக்கத்து மருத மரத்தடிக்குக் கூப்பிட்டு முறை போட்டார். ராவு ஒருவருக்கு, பகல் ஒருவருக்கு. ஒரு சுற்று வர எட்டு நாள். கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் மேலே இருக்கிற மடைகள் எல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். அதனால் ஒரு சட்டமும் போட்டார். அடுத்தவனுடைய முறையில் அவன் மடையில் கைவைத்தவனுக்கு இரண்டு சுற்றுக்குத் தண்ணீர் கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள். மேட்டில் இருந்த சிங்களப் பெரியவர் இரண்டு கையையும் உயர்த்திச் சம்மதம் சொன்னார்.

கடைசித் துண்டுக்கு விழுந்தது ஒரு பகல் முறை. பகல் வெயிலில் தண்ணீர் வாய்க்கால் மண்ணுக்கே போதாது. துண்டுக்கு வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும். மாமா தகர டின்னில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினார். உள்ளே கதிர் உருவாகிப் பயிர் குடலை தள்ளுகிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெறும் பதராகத்தான் வெளியே வரும். வயல் செய்தவர்களுக்கு இது தெரியும்.

வாப்பா யோசித்துவிட்டுத் தன்னுடைய ராவு முறையையே அவருக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வரப்பில் சேறு பூசிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"மக, தம்பிட வீட்டுக்குப் போய் இப்பிடிச் செல்லு. இந்தத் தடவ எங்கட மொற அவருக்கு. வெள்ளி ராவு, மஃரிபு பாங்கு செல்லுற நேரம் தண்ணியத் திருப்பிக்கிட்டுமாம். விடியுமட்டும் அவருக்குத்தான். மேல மடை ஏதும் தொறந்தீந்தா அடைச்சிக்கிட்டுமாம்."

உங்களில் முஸ்லிம் அல்லாதவர்களுக்காக இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறைந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது. முதலில் ராவு வரும், அதற்குப் பிறகுதான் அந்த நாளின் பகல். வியாழக்கிழமை பொழுது பட்டால் அது வெள்ளி ராவு. வெள்ளிக்கிழமை பொழுது பட்டால் சனி ராவு. எங்கள் உம்மாமார், வாப்பாமார் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். வேறு விதமாகவும் சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது.

நான் ஓடினேன். மாமா கொட்டில் வாசலில் மம்பட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வெள்ளிக்கெழம ராத்திரியா பாப்பா?"

"ஓ மாமா. வெள்ளிக்கெழம ராவு. மஃரிபு பாங்கு செல்லுற நேரமாம். மேல மடை தொறந்தீந்தா அடைக்கட்டுமாம்."

கேட்டார், பாருங்கள். அந்த மனுஷன் என்னிடம் தெளிவாகக் கேட்டார். நான் ஓ, அதாவது ஆமாம், என்றேன். அவருடைய பெண்சாதி எனக்கு ஒரு கோப்பை பால் விடாத பிளேன்டீயும் கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு ஒன்றும் தந்தார். சீனி என்ற சாமானையே மறந்திருந்த காலம் அது. பெரிய வேலையை முடித்த எண்ணத்தில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை பகல் பலாபத்வலயில் ஒரு மையித்து அடக்கம். ஊரில் ஒருவருடைய மாமனார். வாப்பா மம்பட்டியோடு போய்விட்டார். போகும்போது எங்கள் மடையை அடைத்துவிட்டுத்தான் போனார், தண்ணீர் கீழே போகட்டும் என்று. அன்று அந்தியில் பாங்கு சொன்னது. மற்ற எல்லா மடையும் அடைபட்டிருந்தது. கடைசித் துண்டின் மடையைத் திறக்க யாரும் வரவில்லை. ஒரு ராவு முழுக்க அமுனைத் தண்ணீர் வாய்க்கால் நெடுகப் போய், கடைசி வரப்பைத் தாண்டி, ஓடையிலேயே விழுந்தது. அந்த நேரம் பள்ளிவாசலில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் மல்லிக்கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா வெள்ளிக்கிழமை பகல் ஜும்மாத் தொழுகைக்குத்தான் ஊர் திரும்பினார். அன்று அந்தியில் பாங்கு சொல்லும்போது மாமா மம்பட்டியோடு வாய்க்காலுக்குப் போனார். அது கடை முதலாளியின் முறை. முதலாளியின் மடை திறந்திருந்தது. சொன்னபடியே மாமா அதை அடைத்துவிட்டுத் தண்ணீரைத் தன் துண்டுக்கு விட்டார். இஷா என்கிற ராவுத் தொழுகையை முடித்து வயலைப் பார்க்கப் போன முதலாளி காய்ந்த மண்ணில் நின்று சத்தம் போட்டது எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

சனிக்கிழமை காலையில் மருத மரத்தடியில் கூட்டம். என்னையும் வரச் சொன்னார்கள், செய்தி கொண்டு போனவள் என்று. வெயில் ஏறியிருந்தது. அமுனையின் அடியில் பாசி காய்ந்து மீன் நாற்றம் அடித்தது. மாமா ஒரு ஓரமாக, தோள் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பயந்தவராகத் தெரியவில்லை. ஏதோ பிசகு, நானா வந்தால் சரியாகிவிடும் என்கிற முகம்.

வாப்பா முதலில் என்னைக் கேட்டார்: "மக, நீ எந்த ராவுண்டு செல்லின?"

"வெள்ளி ராவுண்டு வாப்பா."

"ஆமாங்க, அதத்தாங்க பாப்பா சொல்லிச்சு" என்றார் மாமா.

"வெள்ளி ராவுத் தண்ணி எடுத்தீங்கதானே தம்பி?"

"எடுத்தேங்க நானா. நீங்க குடுத்ததுதானேங்க."

"அப்ப மொதலாளிட மடைய எதுக்கு அடைச்சீங்க?"

"அத அடைக்காம எனக்கு எப்படிங்க தண்ணி வரும்?"

கூட்டத்தில் பெரிய இரைச்சல் எழுந்தது. ஒத்துக்கொண்டானே, வாய் கூசாமல் ஒத்துக்கொண்டானே என்றார்கள். ஒரு ராவு கொடுத்தால் இரண்டு ராவு எடுக்கிற ஆள் என்றார் முதலாளி. துண்டில் ஈரம் இருந்ததைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆமாம், இரண்டு ராவும் எடுத்திருக்கிறான் என்றார்கள். சிங்களப் பெரியவருக்கு அரைகுறையாக யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர் உச்சுக்கொட்டினார். நான் எல்லோருக்கும் நடுவில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். வெள்ளி ராவு என்று வாப்பாவும் சொன்னார், மாமாவும் சொன்னார், நானும் சொன்னேன். ஒரே சொல். யாருக்கும் உறைக்கவில்லை.

மாமா வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே கொடுத்தேன் என்று வாப்பா ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வாப்பா சொல்லவில்லை. தான் கொடுத்தது வேறு ராவு என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் இப்போது பார்க்கிறேன். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாப்பா இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார். இது தன் ஆள், தன் துண்டு. விதானை தன் ஆளுக்கு விட்டுக்கொடுத்தார் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிடக் கூடாது. அந்த நேர்மையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என் வாப்பாதான், ஆனாலும் சொல்கிறேன்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். கடைசித் துண்டுக்கு ரெண்டு சுத்துத் தண்ணி இல்ல" என்றார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாக நடந்தார். கொடுத்துவிட்டு, ஊர் எதிர்த்ததும் இல்லை என்கிறார் நானா என்றுதான் அவர் நினைத்திருப்பார். பதினாறு நாள். எனக்குக் கணக்கு வராது என்று வாத்தியார் அடிப்பார், ஆனால் அந்தப் பதினாறை நான் விரல் விட்டு எண்ணினேன்.

ஏழாம் நாள் பயிரின் நுனி சுருண்டது. பத்தாம் நாள் என் கை போகிற அளவுக்கு நிலம் வெடித்தது. வாப்பா காலையும் மாலையும் அந்த வரப்பில் போய் நிற்பார். தண்ணீர் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது, தானே போட்ட சட்டத்தால் கொடுக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "சோத்தையாவது அனுப்பு" என்பார். உம்மா தூக்குச் சட்டியில் சோறும் பலாக்காய்க் கறியும் போட்டு என்னிடம் தருவார். முதல் நாள் சட்டி நிறைய முருங்கை இலையோடு திரும்பி வந்தது. இரண்டாம் நாள் கழுவின வெறும் சட்டி வந்தது. மூன்றாம் நாள் மாமாவின் பெண்சாதி சட்டியைத் திறக்கவே இல்லை. "அம்மாகிட்ட சொல்லு பாப்பா, எங்களுக்கு இருக்குன்னு" என்றார். அடுப்பு எரிந்த அடையாளம் எதுவும் அங்கே இல்லை. சூடான சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வயிற்றில் சூடு பட்டது, வழியெல்லாம் அழுதேன்.

என் கூட்டாளி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். வகுப்பில் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். நான் தும்மினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் கிணற்றடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"நான் ஒனக்கு என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"நீதானே வந்து சொன்ன, வெள்ளிக்கெழம ராத்திரின்னு. எங்கப்பா வெள்ளிக்கெழம ராத்திரிதான் போனாரு. நீங்கெல்லாம் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு பள்ளிக்குப் போன அன்னிக்கு."

"அண்டைக்கி ராவு சனி ராவுடி" என்றேன்.

"சனிக்கெழம மறுநாத்துத்தானே வந்துச்சு? மறுநாத்து வர்றதுக்கு முன்ன எப்படி அதோட ராத்திரி வரும்?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பகல், அதற்குப் பின்னால் ராத்திரி. அவர்களுக்கு அப்படி. ஊரில் யாரும் கண்டுபிடிக்காததை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை கிணற்றடியில் வைத்து எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

உம்மாவிடம்தான் முதலில் ஓடினேன். உம்மா முழுவதையும் கேட்டார். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"வாப்பாக்கிட்ட இப்ப செல்லாத புள்ள" என்றார். "பயிர் போயிட்டுது. இனி செல்லி அதுக்கு உசிர் வரவா போகுது? மனுஷன் ஒடஞ்சி போவார். அறுப்பு முடியட்டும், நானே செல்றேன்."

உம்மா கெட்டவரில்லை. வாப்பாவைக் காப்பாற்ற நினைத்தார். நானும் சரி என்றேன், ஏனென்றால் எனக்கும் பயம். பிழை என் வாயில் அல்லவா இருந்தது. ஒன்பது நாள் அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன், பள்ளிக்கூடம் போனேன். அந்த ஒன்பது நாளுக்குள்தான் மாமா மாத்தளைக்குப் போய் அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டார்.

அவர் சொல்லிக்கொள்ள வந்தது ஒரு புதன்கிழமை காலை. கதிர்கள் வெள்ளையாக, நெல் இல்லாமல் நிமிர்ந்து நின்றன. கொட்டிலைக் கூட்டிப் பெருக்கித் தடுப்புத் தட்டிகளைக் கட்டி வைத்துவிட்டதாகச் சொன்னார். "போயிட்டு வாறோம் நானா. எடம் குடுத்தீங்க, மறக்க மாட்டேன்" என்றார். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

என்னால் முடியவில்லை. முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உம்மா உள்ளிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டியதும் காதில் விழுந்தது.

"திரும்பச் செல்லு மக" என்றார் வாப்பா. திரும்பச் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீங்க வியாழக்கெழம அந்திக்கி மடையத் தொறக்கவே இல்லியா?"

"வியாழக்கெழம எதுக்குங்க தொறக்கப் போறேன்?"

வாப்பா அப்படியே முற்றத்தில் குந்திவிட்டார். பெரிய உடம்பு அவருக்கு. அவர் அப்படிக் குந்தி நான் பார்த்ததில்லை. "நான் பெழ செஞ்சிட்டேன் தம்பி. போகாதீங்க. எங்கட வீட்டுல நெல்லு ஈக்கி. அடுத்த போகத்துக்கு மேல் வயலத் தாறேன்" என்றார்.

"கையெழுத்து வச்சாச்சுங்க நானா. இனி அவங்க விட மாட்டாங்க." மாமாவும் அவருக்கு எதிரில் குந்தினார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. நான் தண்ணி திருடலன்னு ஊருக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க. போற எடத்துல எனக்கு ஒண்ணும் இல்ல. இங்கயாவது பேரு நல்லா இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாப்பா எழுந்து நின்று சொன்னார். பெண்கள் பக்கத்து மறைப்புக்குப் பின்னால் இருந்து நான் கேட்டேன். எந்த ராவு, எந்தச் சொல், தான் என்ன கேட்காமல் விட்டார் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். தன் மேல்தான் பிழை என்றார். விதானை வேலையும் இனி வேண்டாம் என்றார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு கடை முதலாளி எழுந்து வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கட மனசு யாருக்கு வரும் விதானை? போறவன் நல்ல பேரோட போகட்டுமெண்டு பழியத் தூக்கி ஒங்கட தலையில போடுறீங்க. ஒரு வருஷமா நம்மட ஊர்ல ஈந்தவனுக்கு வெள்ளி ராவு தெரியாதா?"

"தெரியாது. நான் செல்றேன், அவருக்குத் தெரியாது" என்றார் வாப்பா.

"சரி, சரி. நீங்க செல்லுங்க. நாங்க ஒண்டும் செல்லல்ல."

வாப்பா மேட்டுக்கும் போய்ச் சொன்னார். சிங்களப் பெரியவர் வெற்றிலை கொடுத்து உபசரித்து, விதானை நல்ல மனுஷன் என்று வழியனுப்பி வைத்தார். விதானை வேலையை விடவும் யாரும் சம்மதிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவருடைய நல்ல பெயர்தான் வளர்ந்தது. அந்த நல்ல பெயரை அவர் ஊருக்கு உழைத்து உழைத்துச் சம்பாதித்திருந்தார். அன்று அது அவருக்கே குறுக்கே நின்றது.

அவர்களை வழியனுப்ப மாத்தளை ஸ்டேஷனுக்கு வாப்பா என்னையும் கூட்டிப்போனார். பிளாட்பாரம் முழுக்கத் தகரப் பெட்டிகளும் மூட்டைகளும். கிழவிகள் ரயில் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மாமாவின் பெட்டியை வாப்பா தோளில் தூக்கி வந்து உள்ளே வைத்தார். என் கூட்டாளி ஜன்னலோரம் இருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். அவள் சட்டையில் இன்னும் அந்த மிளகு வாசம் இருந்தது.

ரயில் நகரப் போகும்போது மாமா குனிந்து கேட்டார்: "சொல்லிட்டீங்களா நானா?"

"செல்லிட்டேன் தம்பி."

"நம்புனாங்களா?"

வாப்பா ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்பினாங்க" என்றார்.

மாமாவின் முகம் தெளிந்தது. வாப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவர்களிடமிருந்து பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை. எங்கே இறங்கினார்கள், என்ன ஆனார்கள், என் கூட்டாளி உயிரோடு இருக்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்க ஒரு விலாசம் இல்லை.

வாப்பா அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருந்தார். எங்களைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார், சாகிற வருடம் வரை ஊருக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுத்தார். கடைசித் துண்டில் மட்டும் அவர் பிறகு விதைக்கவே இல்லை. அது புல் முளைத்து மாடு மேய்கிற இடமாகப் போயிற்று.

நான் இப்போது மாத்தளை டவுனில் மகளோடு இருக்கிறேன். போன மாதம் ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். விவசாயிகள் சங்கம் அமுனைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்டி, வாப்பாவின் படத்தை மாட்டுகிறார்கள். முழங்கால் வலியோடு போனேன். கடை முதலாளியின் மகன்தான் சங்கத் தலைவர். அவருக்கும் தாடி நரைத்துவிட்டது. மைக்கில் வாப்பாவின் குணத்தைப் பேசினார். கபுறு வெட்டியதைச் சொன்னார், நாற்காலி தூக்கியதைச் சொன்னார். பிறகு, தண்ணீர் திருடிய ஒரு தோட்டத்தாளின் பழியைக் கூடத் தன் தலையில் ஏற்று, பெட்டி தூக்கி ரயில் ஏற்றிவிட்ட மனிதர் என்றார். கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் எழுந்து போய் மைக்கை வாங்கினேன். அந்த மனுஷன் எதையும் திருடவில்லை என்றேன். செய்தி கொண்டு போனவள் நான், வெள்ளிக்கிழமை ராத்திரியா என்று அவர் கேட்டபோது ஓ என்று சொன்னவள் நான், தெரிந்த பிறகும் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான் என்றேன். எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். மண்டபத்தில் சத்தமே இல்லை. அப்பாடா, கேட்டுவிட்டார்கள் என்று எனக்கு மூச்சு வந்தது.

தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா? விதானைட ரத்தம்தானே. இத்தன வருஷம் போயும் அந்தக் கள்ளன விட்டுக்குடுக்க மனசு வருதில்ல" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்று எனக்குக் கைதட்டினார்கள்.